ஹெர்னியா ஆபரேஷனுக்கு எந்த மயக்க ஊசி? வில்லியம் ஹால்ஸ்டட் கொடுத்த பதிலும், அதற்கு அவர் கொடுத்த விலையும்

ஹெர்னியா ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் எல்லார் மனதிலும் எழும் கேள்வி ஒன்றுதான். முழு மயக்கமா, முதுகில் ஊசியா, இல்லை அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைப்பார்களா?

இப்படி மூன்று வழிகள் நம் முன்னால் இருப்பதற்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டட். அமெரிக்க அறுவை சிகிச்சையின் தந்தை என்று கொண்டாடப்படுபவர். நரம்பைப் பிடித்து ஊசி போட்டு உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போக வைக்க முடியும் என்று காட்டியவர். ஹெர்னியா மறுபடி வராமல் தைக்கும் முறையை அமெரிக்காவில் நிலைநிறுத்தியவரும் அவர்தான். ஆனால், இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது அவர் அல்ல, அவரது உதவியாளர். அது ஏன் என்று தெரிய, ஹால்ஸ்டட்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

ஒரு வீட்டில் ஒரே ஒரு அறையில் மின்வேலை செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மெயின் சுவிட்சையே அணைத்துவிடலாம். மாடிக்குப் போகும் லைனை மட்டும் நிறுத்தலாம். இல்லை, அந்த அறைக்கான ஃபியூஸை மட்டும் பிடுங்கலாம்.

முழு மயக்கம் என்பது மெயின் சுவிட்ச். மூளையே உறங்கிவிடும். முதுகில் போடும் ஸ்பைனல் ஊசி, இடுப்புக்குக் கீழே போகும் லைனை நிறுத்துவது. நரம்பு பிளாக்கும் லோக்கல் ஊசியும் அறையின் ஃபியூஸை மட்டும் எடுப்பது. கடைசி இரண்டிலும் நோயாளி விழித்தே இருக்கலாம். வலி மட்டும் மூளைக்குப் போய்ச் சேராது.

1884 வரை உலகத்தில் பெரிய ஆபரேஷன்களுக்கு மெயின் சுவிட்ச் மட்டும்தான் இருந்தது. அதன் பெயர் ஈதர் அல்லது குளோரோஃபார்ம்.

பணக்கார வீட்டுப் பையன்

ஹால்ஸ்டட் 1852 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் பிறந்தார். வசதியான வணிகக் குடும்பம். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது படிப்பைவிட விளையாட்டில்தான் பேர் வாங்கினார்; கால்பந்து அணிக்குக் கேப்டன். 1874-ல் யேலை முடித்து மருத்துவம் சேர்ந்ததும் ஆள் அப்படியே மாறிவிட்டார். 1877-ல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இன்று எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்திலும் ஒரு சார்ட் தொங்குகிறது இல்லையா? காய்ச்சல், நாடித் துடிப்பு, மூச்சு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் குறிக்கும் அந்த வழக்கத்தை, நியூயார்க் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டராக இருந்தபோது கொண்டுவந்தவர் அவர்தான்.

1878 முதல் 1880 வரை ஐரோப்பா. வியன்னாவில் தியோடர் பில்ரோத் போன்ற பெரிய சர்ஜன்களிடம் கற்றார். திரும்பி வந்தவர் நியூயார்க்கில் ஒரே நேரத்தில் பல ஆஸ்பத்திரிகளில் ஓய்வில்லாமல் வேலை செய்தார். பெல்வியூ ஆஸ்பத்திரியில் கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத்தின் வாடை தாங்கவில்லை என்று மற்ற டாக்டர்கள் புகார் சொன்னபோது, வளாகத்திலேயே தனிக் கூடாரம் போட்டு ஆபரேஷன் செய்தார். அவ்வளவு பிடிவாதம்.

துணிச்சலுக்கும் குறைவில்லை. 1881-ல் அவரது தங்கை பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் சாகக் கிடந்தபோது, தன் ரத்தத்தையே எடுத்து ஏற்றிக் காப்பாற்றினார். ரத்தப் பிரிவுகளை அப்போது யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், சமையலறை மேசையில் தன் அம்மாவைப் படுக்க வைத்துப் பித்தப்பைக் கற்களை எடுத்தார்.

கொக்கெயின் வந்தது

1884 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கண் மருத்துவர்கள் மாநாடு. வியன்னாவைச் சேர்ந்த இளம் டாக்டர் கார்ல் கொல்லரின் கண்டுபிடிப்பு அங்கே காட்டப்பட்டது. கொக்கெயின் கரைசலைச் சொட்டு மருந்தாக விட்டால், கண் மரத்துவிடுகிறது. நோயாளி விழித்திருக்கும்போதே கண்ணில் கை வைக்கலாம். சில வாரங்களில் செய்தி நியூயார்க்குக்கு வந்துவிட்டது.

மற்றவர்கள் அதைக் கண்ணுக்கான சொட்டு மருந்தாகப் பார்த்தார்கள். ஹால்ஸ்டட்டும் அவரது நண்பர் ரிச்சர்ட் ஹாலும் வேறு மாதிரி யோசித்தார்கள். மேற்பரப்பில் சொட்டு விடுவதற்குப் பதிலாக, நரம்பு போகும் பாதையைப் பார்த்து அதன் பக்கத்தில் ஊசியால் மருந்தைச் செலுத்தினால்? அந்த நரம்பு போய்ச் சேரும் இடம் முழுக்க மரத்துப்போகுமே.

யாரிடம் சோதிப்பது? தங்களிடமேதான். டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுக்கொண்டார்கள். 1884 முடிவதற்குள் கீழ்த்தாடைக்குப் போகும் நரம்பை மரத்துப்போக வைத்துவிட்டார் ஹால்ஸ்டட். இன்று பல் பிடுங்கும்போது டாக்டர் தாடையின் உள்பக்கம் போடும் ஊசி அதன் நேரடி வாரிசு. கைக்குப் போகும் நரம்புக் கற்றையையும் அவர் அடுத்து பிளாக் செய்தார். வலி கிளம்பும் இடத்தில் இல்லாமல், வரும் வழியில் தடுப்பது என்ற எண்ணம் அப்போதுதான் செயல்வடிவம் பெற்றது.

விலை

கொக்கெயின் அப்போது சட்டப்படி கடையில் வாங்கக்கூடிய மருந்து. அது எப்படிப்பட்ட பிடியைப் போடும் என்று மருத்துவ உலகத்துக்கே சரியாகத் தெரியாது. சோதனைக்காக உடம்பில் ஏற்றிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக அதற்கு அடிமையானார்கள். ரிச்சர்ட் ஹால் நியூயார்க்கை விட்டு கலிஃபோர்னியாவுக்குப் போனார், 1897-ல் இறந்தார்.

ஹால்ஸ்டட்டும் தப்பவில்லை. 1885 செப்டம்பரில் கொக்கெயினைப் பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரை மருத்துவ இதழில் வெளிவந்தது. அதன் முதல் வாக்கியமே எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புரியாத அளவுக்கு நீளமாக, குழப்பமாக இருந்தது. எழுதியவரின் நிலையை அந்த எழுத்தே காட்டிக்கொடுத்துவிட்டது. நியூயார்க்கின் நம்பிக்கை நட்சத்திரமாக இருந்தவரின் தொழில் வாழ்க்கை அத்துடன் சரிந்தது.

1886-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் இருக்கும் பட்லர் மனநல ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே பல மாதங்கள். கொக்கெயினை விடுவிக்க அந்தக் காலத்து டாக்டர்கள் கொடுத்த மருந்து மார்ஃபின். ஒரு குழியிலிருந்து எடுத்து இன்னொன்றில் விட்ட கதைதான் அது.

பால்டிமோரில் இரண்டாவது வாழ்க்கை

அந்த நேரத்தில் கை கொடுத்தவர் நண்பர் வில்லியம் வெல்ச். பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி உருவாகிக்கொண்டிருந்தது. தன் ஆய்வகத்தில் வந்து வேலை செய்யச் சொல்லி 1886 இறுதியில் ஹால்ஸ்டட்டை அழைத்தார். அங்கே நாய்களின் குடலைத் தைத்துப் பார்த்து, எந்த அடுக்கில் ஊசி பிடித்தால் தையல் நிற்கும் என்று கண்டறிந்தார். இடையில் 1887-ல் மீண்டும் பட்லருக்குப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் திரும்பி வந்தார்.

1889 மே மாதம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஹால்ஸ்டட் அதன் தலைமை சர்ஜன். வந்தவர் பழைய ஹால்ஸ்டட் இல்லை. அதிரடியான, வேகமான அந்த நியூயார்க் டாக்டர் மறைந்துவிட்டார். இவர் ஒதுங்கிப்போகிறவர், அளந்து பேசுகிறவர், ரொம்ப மெதுவாக ஆபரேஷன் செய்கிறவர். மெல்லிய பட்டு நூல், ஒவ்வொரு ரத்தக் குழாயையும் கட்டுவது, சதையை முரட்டுத்தனமாகக் கையாளாமல் இருப்பது என்று அவர் வகுத்த வழிகள்தான் இன்று சர்ஜன்களின் அரிச்சுவடி. இளம் டாக்டர்களுக்கு ஆண்டுக்கணக்கில் படிப்படியாகப் பொறுப்பு கொடுத்துப் பழக்கும் ரெசிடென்சி முறையும் அவர் உருவாக்கியது.

ஹெர்னியாவும் கையுறையும்

தொடை இடுக்கில் வரும் ஹெர்னியா என்பது, வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடலோ கொழுப்போ பிதுங்கி வருவது. அதற்கு முன்பு பெல்ட் கட்டிக்கொண்டு காலம் தள்ளியவர்கள்தான் அதிகம். ஆபரேஷன் செய்தாலும் பலருக்குத் திரும்ப வந்துவிடும்.

இத்தாலியின் பாதுவா நகரில் எதுவார்தோ பஸ்ஸினி, வயிற்றுச் சுவரின் பின்பக்கத்தை அடுக்கடுக்காகத் தைத்து வலுப்படுத்தும் முறையை 1880-களில் உருவாக்கினார். அதே காலத்தில் ஹால்ஸ்டட் தனியாக அதே போன்ற முறையை வகுத்து 1889-ல் வெளியிட்டார். ஹெர்னியாவை நிரந்தரமாகச் சரிசெய்ய முடியும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரப்பர் கையுறையின் கதையும் இங்கேதான் வருகிறது. ஆபரேஷன் அறை நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்குக் கிருமிநாசினியால் கைத்தோல் புண்ணானது. அவருக்காக குட்இயர் ரப்பர் கம்பெனியில் மெல்லிய கையுறை செய்யச் சொன்னார் ஹால்ஸ்டட். 1890-ல் இருவருக்கும் திருமணம். தோலைக் காப்பாற்ற வந்த கையுறை, நோயாளியையும் காப்பாற்றும் என்பது பிறகு தெரிந்தது. அவரது உதவியாளர் ஜோசப் பிளட்குட், எல்லா ஆபரேஷன்களுக்கும் கையுறை போடத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான ஹெர்னியா ஆபரேஷன்களின் கணக்கைத் தொகுத்து, காயத்தில் சீழ் பிடிப்பது எவ்வளவு குறைந்தது என்று காட்டினார்.

உதவியாளர் போட்ட முடிச்சு

தையல் மாறியது, கையுறை வந்தது. மயக்கம் மட்டும் பழைய ஈதர்தான். ஊசியும் நரம்பும் அறிந்த தலைமை சர்ஜன் இருந்த ஆஸ்பத்திரியிலும் அதுதான் நிலை.

1896-ல் ஹால்ஸ்டட்டிடம் வந்து சேர்ந்தார் ஹார்வி குஷிங். பிற்காலத்தில் மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடி ஆனவர். ஈதர் மீது அவருக்கு ஒரு பயம் இருந்தது. பாஸ்டனில் மருத்துவ மாணவராக இருந்தபோது, முதன்முதலாக அவர் ஈதர் கொடுத்த முதியவருக்கு இருந்தது, குடல் சிக்கி இறுகிப்போன ஹெர்னியா. அது அவருக்கு அப்போது சொல்லப்படவில்லை. ஆபரேஷன் நடக்கும்போதே வாந்தி பொங்கி வந்து நுரையீரலுக்குள் போய், அந்த முதியவர் இறந்துவிட்டார். மருத்துவத்தையே விட்டுவிடலாமா என்று குஷிங் யோசித்தார்.

பால்டிமோரில் குஷிங் அதற்கு மாற்று தேடினார். தொடை இடுக்குப் பகுதிக்கு எந்தெந்த நரம்புகள் எந்த வழியாக வருகின்றன என்று வரைபடம் போலக் குறித்துக்கொண்டார். நீர்த்த கொக்கெயின் கரைசலை அந்த நரம்புகளில் செலுத்தி, நோயாளி விழித்திருக்கும்போதே ஹெர்னியா ஆபரேஷன் செய்தார். வயதானவர்கள், இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்கள், குடல் சிக்கியவர்கள் என ஈதர் தாங்காதவர்களுக்கு இது உயிர் காக்கும் வழியானது. 1900 ஜனவரியில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஹால்ஸ்டட்டின் நரம்பு பிளாக்கும், ஹால்ஸ்டட்டின் ஹெர்னியா ஆபரேஷனும், ஹால்ஸ்டட்டின் ஆஸ்பத்திரியிலேயே ஒன்று சேர்ந்தன. ஊசி மட்டும் வேறொருவர் கையில்.

முதுகு ஊசியும் புது மருந்துகளும்

இதே காலத்தில் ஜெர்மனியின் கீல் நகரில் இன்னொரு வழி திறந்தது. 1898 ஆகஸ்டில் ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன், முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீரில் கொஞ்சம் கொக்கெயின் செலுத்தி, காலில் ஆபரேஷன் செய்தார். பிறகு அவரும் உதவியாளர் ஹில்டெபிராண்டும் தங்களிடமே சோதித்தார்கள். ஹில்டெபிராண்டின் கால் எலும்பில் சுத்தியலால் தட்டியும், எரியும் சுருட்டை வைத்தும் அவருக்கு வலி தெரியவில்லை. அடுத்து பல நாட்கள் பியர் தலைவலியோடு படுத்தே கிடந்தார். எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் சரியாகிவிடும். ஊசி போட்ட ஓட்டை வழியாக நீர் கசிவதால் வரும் இந்தத் தலைவலிக்காகத்தான் இன்று முடிபோல மெல்லிய ஊசி பயன்படுத்துகிறார்கள்.

கொக்கெயினின் ஆபத்துக்கும் மாற்று வந்தது. ஆல்ஃப்ரெட் ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவோகெயின் 1905-ல் புழக்கத்துக்கு வந்தது. 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிக்னோகெயினைத் தயாரித்தார். இவை மரத்துப்போக வைக்கும், ஆனால் அடிமையாக்காது. ஹால்ஸ்டட் 1884-ல் கையில் எடுத்தபோது இவற்றில் ஒன்றுகூட இல்லை.

கடைசி ஆண்டுகள்

மார்ஃபின் ஹால்ஸ்டட்டை விடவே இல்லை. நீண்ட கோடை விடுமுறைகளில் யார் கண்ணிலும் படாமல் இருப்பார். வட கரோலினா மலைப் பண்ணையில் டாலியா பூக்கள் வளர்ப்பார். சக பேராசிரியர் வில்லியம் ஆஸ்லருக்கு விஷயம் தெரியும். பால்டிமோரில் பல ஆண்டுகள் ஆன பிறகும் ஹால்ஸ்டட்டால் தினமும் மூன்று கிரெயின், அதாவது சுமார் 200 மில்லிகிராம் மார்ஃபினுக்குக் கீழே வர முடியவில்லை என்று அவர் ரகசியக் குறிப்பில் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பு வெளியானது 1969-ல்தான். உலகின் மிகக் கவனமான சர்ஜன் என்று பேர் வாங்கியவர், அத்தனை ஆண்டுகளும் இந்தப் போராட்டத்தோடுதான் ஆபரேஷன் அறைக்குள் போய் வந்தார்.

நரம்பு பிளாக்கை முதலில் செய்தவர் யார் என்ற பேச்சு வந்தபோது ஹால்ஸ்டட் உரிமை கொண்டாடி முன்னால் வரவில்லை. கடைசியில் 1922-ல் அமெரிக்காவின் தேசியப் பல் மருத்துவச் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்து அந்தப் பெருமையை உறுதிசெய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று, பித்தக் குழாய்க் கல்லுக்கான ஆபரேஷனுக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் இறந்தார். அந்த ஆபரேஷனைச் செய்தவர்கள் அவரிடமே பயிற்சி பெற்றவர்கள்.

சரி, இன்று யாருக்கு எது?

லோக்கலும் நரம்பு பிளாக்கும்: திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு, உள்ளே தள்ளினால் போய்விடும் சாதாரண ஹெர்னியாவுக்கு, நல்ல தேர்வு. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தொந்தரவு குறைவு. சிறுநீர் அடைப்பு அரிது. அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால், குடலை இழுக்கும்போது ஒரு இழுபறி உணர்வு தெரியும். ரொம்பப் பெரிய ஹெர்னியா, அதிக உடல் பருமன், ஏற்கெனவே ஆபரேஷன் செய்த இடம், பதற்றம் அதிகமானவர்கள் என்றால் சிரமம். எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் பழகிய கை வேண்டும். மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. மிஞ்சினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம்.

ஸ்பைனல்: ஒரே ஊசி, இடுப்புக்குக் கீழே முழுக்க மரத்துவிடும், தசைகளும் தளர்ந்துவிடும். சர்ஜனுக்கு வேலை சுலபம். பதிலுக்கு, ரத்த அழுத்தம் இறங்கலாம், சில மணி நேரம் கால் அசையாது, சிறுநீர் கழிப்பது சிரமமாகலாம், சிலருக்குத் தலைவலி வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லியாக வேண்டும். முதுகுல ஊசி போட்டா காலம் முழுக்க முதுகுவலி வரும் என்பது பரவலான பயம். ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான்.

டிஏபி பிளாக்: அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே மருந்து செலுத்துவது. 2001-ல் விவரிக்கப்பட்டது. இது மட்டும் ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் போதாது. மற்ற மயக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தால், ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி குறையும்.

முழு மயக்கம்: லேப்ராஸ்கோபி என்றால் வயிற்றில் வாயு நிரப்ப வேண்டும் என்பதால் பெரும்பாலும் இதுதான். குழந்தைகளுக்கும் இதுவே அடிப்படை. ஈதர் காலத்து ஆபத்து இன்று இல்லை. ஆனாலும், வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் அதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்; குஷிங் பார்த்த அந்த மரணத்தைத் தவிர்ப்பதற்கான விதி அது.

2018-ல் வெளியான சர்வதேச ஹெர்னியா வழிகாட்டுதல், டாக்டருக்கு அனுபவம் இருந்தால், திறந்து செய்யும் சாதாரண ஹெர்னியாவுக்கு லோக்கலைப் பரிந்துரைக்கிறது. 65 வயது தாண்டியவர்களுக்கு ஸ்பைனலைவிட லோக்கலோ முழு மயக்கமோ மேல் என்கிறது. முடிவு எடுப்பது உங்கள் சர்ஜனும் மயக்கவியல் மருத்துவரும் உங்கள் உடல்நிலையைப் பார்த்துத்தான். ஆனால், எனக்கு லோக்கலில் செய்ய முடியுமா, முடியாது என்றால் ஏன் என்று கேட்பதில் தவறே இல்லை.

அப்படிக் கேட்க ஒரு வழி இருப்பதே, 1884 குளிர்காலத்தில் சில இளம் டாக்டர்கள் தங்கள் உடம்பைக் கொடுத்ததால்தான். அவர்களில் ஹால்ஸ்டட் மட்டும்தான் மீண்டும் எழுந்து ஒரு பெரிய வாழ்க்கை வாழ்ந்தார். அதுவும் முழுதாக மீண்ட வாழ்க்கை அல்ல.